எண்ணெய் நமக்கு, பிண்ணாக்கு யாருக்கு?



ஐக்கிய நாடுகள் அவையின் உணவு வேளாண்மை நிறுவனம் உலக நாடுகளின் உணவைக் கணக்கெடுத்து அட்டவணைகளாக வெளியிட்டு வருகிறது. 1961ஆம் ஆண்டு முதலான கணக்கு அதில் உண்டு. ஒரு நாட்டில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு அரிசியால் எவ்வளவு ஆற்றல் கிடைக்கிறது, பருப்பால் எவ்வளவு புரதம் கிடைக்கிறது, எண்ணெயால் எவ்வளவு கொழுப்பு கிடைக்கிறது என்பதை வரிசை வரிசையாகக் காணலாம். அவ்வரிசைகளுள் ஒன்று கடுகெண்ணெயும் ரேப் விதை எண்ணெயும் சேர்ந்தது. அதில் புரதத்திற்குரிய கட்டத்தைப் பார்த்தால், எந்த நாட்டை எடுத்துக்கொண்டாலும் சுழியம், அல்லது சுழியத்தை ஒட்டிய எண்ணே இருக்கும். கடுகெண்ணெய் இல்லாமல் சமையலே இல்லை என்னும் வங்காளத்திலும் அப்படித்தான். நம் மலேசியாவிலும் அப்படித்தான்.

சுழியம் நிரம்பிய அட்டவணையில் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். கடுகு விதையில் புரதம் நிறையவே இருக்கிறது. விதையில் இருந்தது எண்ணெயில் இல்லையென்றால், அது வேறெங்கோ போயிருக்க வேண்டும். எங்கே போயிற்று, யார் உண்டார்கள் என்று தேடத் தொடங்கினால், அந்தத் தேடல் நம் தோட்டப்புற லயங்கள் வரைக்கும் வந்து சேர்கிறது. இன்று நம் பிள்ளைகள் காலையில் குடிக்கும் தேநீர்க் குவளை வரைக்கும் வந்து சேர்கிறது. அதனால்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

செக்கும் சொல்லும்

எண்ணெய் என்னும் சொல்லை 'எள் + நெய்' என்று பிரித்துப் பொருள் சொல்வது தமிழாசிரியர் அனைவரும் அறிந்ததே. எள்ளிலிருந்து எடுத்த நெய்க்கு உரிய பெயர், பின்னர் எல்லா வித்துகளின் நெய்க்கும் பொதுப்பெயராயிற்று. அதனால்தான் எள்ளின் எண்ணெயை நல்லெண்ணெய் என்று தனியே பிரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

செக்கில் எள்ளை ஆட்டும்போது அது இரண்டாகப் பிரிகிறது. ஒன்று எண்ணெய். மற்றொன்று பிண்ணாக்கு. பேச்சுவழக்கில் புண்ணாக்கு என்போம். வித்தில் இருந்த கொழுப்பின் பெரும்பகுதி எண்ணெயோடு போய்விடுகிறது. புரதமோ எண்ணெயில் கரைவதில்லை. அது முழுவதும் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. எள்ளில் ஏறத்தாழ 18 விழுக்காடும், நிலக்கடலையில் ஏறத்தாழ 25 விழுக்காடும் புரதம் உண்டு. எண்ணெய் நீங்கியபின் எஞ்சும் பிண்ணாக்கில் அந்த விகிதம் 40 விழுக்காட்டுக்கும் மேலே ஏறிவிடும். கடுகும் இவ்வாறே. அட்டவணையில் காணும் சுழியத்துக்கு விளக்கம் இவ்வளவுதான்.

கோவைச் சிறையில் வ.உ. சிதம்பரனாரைச் செக்கிழுக்க வைத்ததைப் பாடம் நடத்தும்போது, செக்கு என்றால் என்னவென்று மாணவர்கள் கேட்பதுண்டு. அப்போது எண்ணெயைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல் பிண்ணாக்கைப் பற்றியும் சொல்லலாம். ஏனெனில், பிண்ணாக்கு கடல் கடந்து சென்ற தமிழ்ச் சொற்களுள் ஒன்று. இலங்கையிலும் பிற இடங்களிலும் இருந்த ஆங்கிலேயர் தேங்காய்ப் பிண்ணாக்கைப் 'பூனாக்' என்றே எழுதினார்கள். ஆங்கில அகராதிகளிலும் அச்சொல் இடம்பெற்றுள்ளது.

இத்தகைய பெருமையுடைய சொல்லை நாம் வீட்டில் எதற்குப் பயன்படுத்துகிறோம்? ஒன்றுக்கும் உதவாதவனைத் திட்டுவதற்குப் பயன்படுத்துகிறோம். வித்தின் சத்தான பகுதி வசைச்சொல் ஆகிவிட்டது. மாட்டுக்குப் போனதனால் அது மதிப்பிழந்தது. ஆனால், மாட்டின் வழியாக அது நமக்கே திரும்பி வந்த காலமும் ஒன்று இருந்தது.

கடுகின் இரு வழக்குகள்

தமிழர் கடுகை எண்ணெய்க்காக ஆட்டியது குறைவு. தாளிப்பதற்கும் ஊறுகாய்க்கும் மருந்துக்குமே பயன்படுத்தினார்கள். சங்ககாலத்தில் வெண்சிறுகடுகுக்கு ஐயவி என்று பெயர். போரில் புண்பட்ட வீரனின் வீட்டில் ஐயவியைப் புகைக்கும் வழக்கம் புறநானூற்றில் கூறப்படுகிறது. வடக்கிலோ நிலைமை வேறு. வங்காளம், பீகார், பஞ்சாப் முதலிய பகுதிகளில் கடுகெண்ணெய் சமையலுக்கும் உடம்பில் தேய்ப்பதற்கும் முதன்மையான எண்ணெய். 1873இல் பேராக்கில் காவல் பணிக்குப் பஞ்சாபியர் அழைத்துவரப்பட்டனர். பின்னர் 1896இல் தைப்பிங்கைத் தலைமையிடமாகக் கொண்டு மலாய் மாநிலங்களின் வழிகாட்டிப் படை அமைந்தது. ஆகவே, நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் பழகிய தமிழரும், கடுகெண்ணெய் பழகிய பஞ்சாபியரும் இம்மாநிலத்தில் அக்கம்பக்கமாக வாழ்ந்தார்கள்.

ஐரோப்பாவில் கடுகின் உறவான ரேப் விதையின் எண்ணெய் நெடுங்காலம் விளக்கெரிக்கப் பயன்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது கப்பல்களின் நீராவி எந்திரங்களுக்கு மசகெண்ணெய் தேவைப்பட்டதால், கனடா நாட்டில் அதன் சாகுபடி பெருகியது. போர் முடிந்தபின் அந்த எண்ணெயை உணவாக்க எண்ணினார்கள். இரண்டு தடைகள் குறுக்கே நின்றன. எண்ணெயில் எரூசிக் அமிலம் மிகுதியாக இருந்தது. அது இதயத்துக்குத் தீங்கு செய்யக்கூடும் என்னும் ஐயம் எழுந்தது. பிண்ணாக்கில் குளுக்கோசினோலேட் என்னும் கார்ப்புப் பொருள் இருந்தது. கால்நடைகளுக்கு அதை நிறையக் கொடுக்க இயலவில்லை.

மானிடோபா பல்கலைக்கழகத்தின் பால்டர் ஸ்டெஃபன்சன், சஸ்கட்டூன் நகரின் கீத் டவுனி ஆகிய இரு பயிர் அறிஞர்கள் இந்த இரண்டு குறைகளையும் நீக்கப் பாடுபட்டனர். இரண்டும் குறைந்த 'டவர்' என்னும் முதல் வகை 1974இல் வெளிவந்தது. 1978இல் இவ்வகைக்குக் கனோலா என்று பெயரிட்டார்கள். இன்று நம் பேரங்காடிகளில் இப்பெயர் தாங்கிய எண்ணெய்ப் புட்டிகளைக் காணலாம். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அவர்களுடைய உழைப்பில் ஒரு பாதி எண்ணெய்க்கானது, மறுபாதி பிண்ணாக்குக்கானது. பிண்ணாக்கில் தங்கிய புரதத்தின் விலையை அந்நாட்டார் அறிந்திருந்தார்கள்.

தவிட்டில் கற்ற பாடம்

பிரித்து ஒதுக்கிய பகுதியிலேயே சத்து இருக்கும் என்னும் உண்மையை உலகம் அறிந்துகொண்டதில் நம் நாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. நான் வாழும் பாகான் செராய் நெல்வயல் சூழ்ந்த ஊர். கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் 1906இல் நிறைவேறியபின், புக்கிட் மேரா ஏரியின் நீர் இவ்வட்டாரத்து வயல்களுக்குப் பாயத் தொடங்கியது. அதே ஆண்டுகளில் மலாயா முழுவதும் 'பெரிபெரி' என்னும் நோய் மக்களைக் கொன்றுகொண்டிருந்தது. ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியை உண்டவர்களிடம் நோய் மிகுதியாகவும், புழுங்கலரிசி உண்ட தமிழரிடம் குறைவாகவும் காணப்பட்டது.

கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வில்லியம் பிளெட்சர் 1905இல் தொடங்கிய சோதனையில் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றொரு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். நோய் வெள்ளை அரிசிப் பிரிவிலேயே பெருகியது. மருத்துவர் பிராடன் 1907இல் இதைப் பற்றி நூலெழுதினார். மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் 1909இல் தங்கள் ஆய்வை வெளியிட்டு, தீட்டும்போது நீங்கும் பகுதியில்தான் காக்கும் சத்து இருக்கிறது என்பதை நிறுவினார்கள். அந்தச் சத்தை இன்று பி1 வைட்டமின் என்கிறோம். நெல்லை அவிக்கும்போது அச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் அறிவியல் படிக்காமலேயே இதைக் காப்பாற்றி வந்தார்கள்.

அரிசிக்குத் தவிடு எப்படியோ, வித்துக்குப் பிண்ணாக்கு அப்படி. ஒன்றில் வைட்டமின் நின்றது. மற்றொன்றில் புரதம் நின்றது.

லயத்துக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை

கிரியான் வட்டாரத்தில் முதலில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றின் இடத்தை ரப்பரும் தென்னையும் பிடித்தன. தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர் லயங்களில் குடியேறினார்கள். அவர்கள் உணவில் சோறு மிகுதி, பருப்பும் கருவாடும் அளவாக, இறைச்சி திருவிழாவுக்கு. அத்தகைய உணவில் பிள்ளைகளுக்குப் புரதம் எங்கிருந்து வந்தது?

ஒரு விடை, லயத்துக்குப் பின்னால் இருந்த மாட்டுக்கொட்டகை. என் பாட்டியார் இரண்டு மாடுகள் வைத்திருந்தார். விடியுமுன் பால் கறந்துவிட்டுப் பால்மரம் சீவப் போவார். மாலையில் புல்லறுத்து வந்து, தேங்காய்ப் புண்ணாக்கையும் தவிட்டையும் கழுநீரில் கலந்து வைப்பார். பாலின் ஒரு பகுதி விற்பனைக்கு, மீதி வீட்டுக்கு. மோராகவும் தயிராகவும் அது அக்கம்பக்கத்துக்கும் போகும். மனிதர் உண்ணாத புண்ணாக்கை மாடு உண்டது. மாட்டின் வழியாக அப்புரதம் குழந்தையின் குவளைக்கு வந்தது.

இந்தச் சங்கிலி ஒருமுறை ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அறுந்தது. 1942 முதல் 1945 வரை அரிசி கிடைக்காமல் மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். மரவள்ளியில் மாவுச்சத்து உண்டு. புரதம் மிகச் சொற்பம். அக்காலத்தில் கைகால் வீங்கி மடிந்தவர்களைப் பற்றி மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வயிறு நிரம்புவது வேறு, உடல் வளர்வது வேறு என்பதை நம் மக்கள் பட்டறிந்த காலம் அது.

செம்பனை வந்தபின்

இரண்டாவது முறை சங்கிலி அறுந்தது மெதுவாக நடந்தது. 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகொன்னியே வணிக நோக்கில் செம்பனையை நட்டார். நாட்டில் அதுவே முதல் செம்பனைத் தோட்டம். 1960களுக்குப் பின் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நடுவது பெருகியது. பூக்களுக்கு மகரந்தத்தூள் இடும் வேலையைப் பெண்கள் கையாலேயே செய்து வந்தார்கள். 1981இல் கேமரூன் நாட்டிலிருந்து ஒருவகைக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டபின், அந்த வேலையை வண்டுகள் எடுத்துக்கொண்டன. விளைச்சல் உயர்ந்தது. அவ்வேலைக்கு ஆள் தேவைப்படவில்லை.

இளஞ்செடிகளை மேய்ந்துவிடும் என்று சொல்லி, என் பாட்டியார் இருந்த தோட்டத்தில் மாடுகளை விற்றுவிடும்படி சொன்னார்கள். வேறு தோட்டங்களைச் சேர்ந்தவர்களும் இதே கதையைச் சொல்கிறார்கள். 1980களிலும் 1990களிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தன. அங்கே மாடு கட்ட இடமேது?

செம்பனைப் பழத்தின் சதையிலிருந்து ஓர் எண்ணெயும், உள்ளிருக்கும் பருப்பிலிருந்து மற்றோர் எண்ணெயும் எடுக்கிறார்கள். 2023இல் நம் நாட்டின் செம்பனை எண்ணெய் உற்பத்தி ஏறத்தாழ 185 இலட்சம் டன். இந்த எண்ணெயிலும் புரதம் சுழியமே. பருப்பை ஆட்டியபின் எஞ்சும் பிண்ணாக்கில் ஏறத்தாழ 14 முதல் 18 விழுக்காடு புரதம் இருக்கிறது. அந்தப் பிண்ணாக்கில் பெரும்பகுதி கப்பலேறி வெளிநாடுகளுக்குப் போகிறது. அதை மிகுதியாக வாங்கும் நாடுகளுள் நியூசிலாந்தும் ஒன்று. அந்நாட்டின் பால்மாடுகளுக்கு அது தீவனமாகிறது. நாமோ நமக்கு வேண்டிய பால்மாவின் பெரும்பகுதியை நியூசிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து வாங்குகிறோம்.

பாட்டியார் காலத்தில் புண்ணாக்கு கொட்டகைக்குப் போய்ப் பாலாகத் திரும்பி வர ஒரு நாள் போதும். இன்று அது ஆயிரக்கணக்கான மைல் சென்று, விலையேறிய பால்மாவு டின்னாகத் திரும்பி வருகிறது. வாங்க முடிந்தவர் வாங்குகிறார். முடியாதவர் வேறொரு டின்னை வாங்குகிறார்.

டின்பால் என்னும் மயக்கம்

அந்த வேறொரு டின்னைப் பற்றித்தான் பெற்றோர்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் வீடுகளில் தேநீருக்கும் காப்பிக்கும் ஊற்றும் இனிப்பான கெட்டிப்பாலை டின்பால் என்கிறோம். அது ஒருகாலத்தில் பாலைச் சுண்டவைத்துச் சீனி சேர்த்துச் செய்யப்பட்டது. இன்று கடைகளில் மலிவாக விற்கும் பல டின்களின் மேல் 'கிரிமர்' என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி சீனியும் செம்பனை எண்ணெயும். பாலின் திடப்பொருள் கொஞ்சம். நிறமும் கெட்டித்தன்மையும் பாலைப் போலவே இருக்கும். வீட்டில் அதற்குப் பெயர் இன்னமும் பால்தான்.

"காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று வகுப்பில் நான் கேட்பது வழக்கம். "பால் குடித்தேன், சார்" என்று பெருமையோடு சொல்லும் பிள்ளைகளிடம் மேலும் கேட்டால், அது வெந்நீரில் கலக்கிய கிரிமர் என்பது தெரியவரும். அந்தத் தாயைக் குறைகூற எனக்கு மனமில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும் என்னும் எண்ணம் அவரிடம் இருக்கிறது. பாட்டியிடமிருந்து வந்த நல்லறிவு அது. ஆனால், கையில் இருக்கும் டின்னின் உள்ளே இருந்த பொருள் மாறிவிட்டது. உலக அட்டவணையில் எண்ணெய்க்கு நேரே நான் கண்ட சுழியம், பாலின் நிறம் பூசிக்கொண்டு அந்தக் குவளைக்குள் வந்து அமர்ந்திருக்கிறது.

எண்ணெய் பகைப்பொருள் அன்று. வளரும் பிள்ளைக்குக் கொழுப்பும் வேண்டும். ஏ, ஈ முதலிய வைட்டமின்கள் உடலில் சேர்வதற்கும் கொழுப்பு தேவை. ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி ஆற்றல் தருகிறது. ஆனால், தசையையும் குருதியையும் கட்டியெழுப்பும் வேலையை எண்ணெயால் செய்ய இயலாது.

பிண்ணாக்கை நாமே உண்ணலாமா?

இவ்வளவு சத்துள்ள பிண்ணாக்கை மனிதர் நேரே உண்டால் என்ன என்னும் கேள்வி புதியதன்று. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் எள்ளுப் பிண்ணாக்கோடு கருப்பட்டி சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுண்டு. மேற்கு ஜாவாவில் கடலைப் பிண்ணாக்கைப் புளிக்கவைத்து 'ஒஞ்சோம்' என்னும் உணவு செய்கிறார்கள். மைசூரில் 1950இல் நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வுக் கழகம், எண்ணெய் நீக்கிய கடலைமாவு மூன்று பங்கும் கொண்டைக்கடலை மாவு ஒரு பங்கும் சேர்த்துப் 'பல்நோக்கு உணவு' ஒன்றை உருவாக்கியது.

ஆனால், 1960இல் இங்கிலாந்தில் கடலைப் பிண்ணாக்குத் தீவனம் உண்ட வான்கோழிகள் இலட்சம் அளவில் இறந்தன. ஆராய்ந்தபோது, ஈரத்தில் பூத்த பூஞ்சையிலிருந்து உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு கண்டறியப்பட்டது. ஆகவே, தூய்மையாக ஆட்டி, உலர்த்தி, காத்து வைத்த பிண்ணாக்கு உணவாகலாம். தீவனக் கடை மூட்டையில் இருப்பது உணவாகாது. இதை அருள்கூர்ந்து யாரும் வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டா. ரேப் விதைப் பிண்ணாக்கிலிருந்து தூய்மைப்படுத்திப் பிரித்தெடுத்த புரதத்தை உணவில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2014இல்தான் ஒப்புதல் தந்தது.

நாம் செய்யத்தக்கவை

வித்தை ஆட்டாமல் முழுதாக உண்டால் எண்ணெயும் புரதமும் ஒன்றாகவே கிடைக்கின்றன. எள்ளுருண்டையும் கடலை உருண்டையும் நம் பழைய பலகாரங்கள். அவற்றில் எதுவும் பிரிந்து போவதில்லை. கடலை ஒவ்வாத பிள்ளைகள் இருப்பதால், வகுப்பில் பகிர்வதற்கு முன் பெற்றோரைக் கேட்டுக்கொள்வது நலம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. பருப்பு, பயறு, நெத்திலி, தெம்பே ஆகியவை நம் சந்தையிலேயே கிடைப்பவை. ஒரு டின் கிரிமரின் விலைக்குச் சில முட்டைகள் வாங்கலாம்.

பள்ளியளவில், 1979இல் தொடங்கிய கூடுதல் உணவுத் திட்டமும் 1983இல் தொடங்கிய பள்ளிப் பால் திட்டமும் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்குப் புரதம் தந்துள்ளன. தகுதியுள்ள பிள்ளையின் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை. பாரம் நிரப்பத் தெரியாத பெற்றோருக்கு நாமே நிரப்பிக் கொடுக்கலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பறை நடவடிக்கையையும் பரிந்துரைக்கிறேன். நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களை வீட்டில் உள்ள உணவு டின், பொட்டலங்களின் வெற்று உறைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் 'புரோட்டின்' என்னும் வரிக்கு நேரே உள்ள எண்ணைப் படித்துத் தாளில் எழுதச் சொல்லுங்கள். எண்ணெய்ப் புட்டி, கிரிமர் டின், பால்மாவு டின், பருப்புப் பொட்டலம் ஆகிய நான்கையும் அருகருகே வைத்தால் போதும். கணிதம், அறிவியல், நலக்கல்வி ஆகிய மூன்று பாடங்களும் அதில் அடங்கிவிடும். என் வகுப்பில் செய்தபோது, மறுநாளே தம் வீட்டு டின்னில் இருந்த எண்ணை மனப்பாடமாகச் சொன்ன பிள்ளைகள் உண்டு. அவர்கள் வழியாகச் செய்தி வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது.

அந்தப் பாடத்தின் முடிவில் பிண்ணாக்கு என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் சொல்லிக் கொடுங்கள். இனி எவரேனும் அதைச் சொல்லித் திட்டினால், "அதில் நாற்பது விழுக்காடு புரதம் இருக்கிறது" என்று நம் பிள்ளைகள் மறுமொழி சொல்லட்டும்.